சுவருக்கு அந்தப் பக்கத்து வயர்

எங்கள் வீட்டுக்கு வயரிங் செய்த வயர்மேன் கம்பெனி மெயினை இறக்கினார், டெஸ்டர் வைத்துப் பார்த்தார், அதன் பிறகுதான் போர்டுக்குள் கை வைத்தார். மூன்றையும் நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் அவர் ஷாக் அடித்து ஸ்டூலிலிருந்து விழுந்தபோது, மெயினை இறக்காமலே கை வைத்துவிட்டார் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஷாக் அடிக்கக் காரணம் நான்தான். அது தெரிந்தே சொன்னேன். வாலிபத்தில் ஏதோ செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அப்போது எனக்கு வயது எழுபத்து மூன்று.

அந்த வாரங்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சிரிப்பும் வருகிறது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கம்பெனி என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். திருப்பூரில் இரண்டு தையல் மெஷின் ஓடினாலே அது கம்பெனிதான். எங்கள் வீட்டின் முன்னறையில் நான்கு மெஷின்களும் ஒரு செக்கிங் மேஜையும் இருக்கின்றன. குழந்தைகளுக்கான பனியன் துணிக் கால்சட்டைகளைத் தைத்து, பிசிறு வெட்டி, அடுக்கிக் கொடுக்கும் வேலை. முதலாளி என் மனைவி. நான் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு ஒரு சாயப்பட்டறையின் லேபில் முப்பது வருடம் துணியின் நிறம் பார்த்தவன். இப்போது கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் அறையில் புத்தகம் படிப்பதுதான் என் வேலை. இரண்டு அறைக்கும் நடுவே ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கம்பெனி மீட்டர், இந்தப் பக்கம் வீட்டு மீட்டர். இந்த ஊரில் பாதி வீடுகள் இப்படித்தான்.

ஓய்வு பெற்ற நாளில் லேபில் எனக்கு ஒரு மேஜை விளக்கு கொடுத்தார்கள். வளைந்த கழுத்தும் பச்சைத் தொப்பியுமாக நல்ல விளக்கு. பிளக் பாயின்ட் அலமாரிக்குப் பின்னால் இருந்ததால் வயர் தரையில் குறுக்கே கிடந்தது. ஒருநாள் மூன்று டம்ளர் டீயோடு வந்த என் மனைவி அதில் தடுக்கினாள். டீ புத்தகத்தின் மேல் விழுந்தது. அவள் விழவில்லை.

"ஏனுங்க, நம்மூட்டுக்கு வயரிங் பண்ணுன தம்பி ஞாயித்துக்கெழமை வர்றேன்னு சொல்லியிருக்குது. செவுத்துல பாயின்ட் வெச்சுக் குடுக்கும். அதுவரைக்கும் நீங்க அந்த வயர்ல கை வெக்காம இருந்தீங்கன்னா போதும்."

அந்தத் தம்பி இரண்டு மாதத்துக்கு முன்புதான் எங்கள் பழைய வயரிங்கை எல்லாம் பிடுங்கிப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, பிறகு வயரிங் கற்றுக்கொண்டவர். பொறுமையான ஆள். ஞாயிறுவரை காத்திருந்தால் முடிந்திருக்கும். எனக்குத்தான் ஓர் ஆசை. வாசல் பக்கத்துச் சுவிட்சைத் தட்டினால் சுவர் விளக்கு எரியும். அதே சுவிட்சில் என் மேஜை விளக்கும் சேர்ந்து எரிய வேண்டும். உள்ளே நுழையும்போதே அறையும் மேஜையும் ஒன்றாக விழித்துக்கொள்ள வேண்டும். இயற்பியல் படித்தவனுக்கு இது ஒரு வேலையா?

என் மனைவி எலாஸ்டிக் வாங்கக் காதர்பேட்டைக்குப் போன ஒரு மதியம், கம்பெனிப் பெண்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, இரண்டு மெயினையும் இறக்கிவிட்டுச் சுவிட்ச் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டு சிவப்பு வயர்கள் மட்டும் இருந்தன. ஒன்று கரன்ட்டைக் கொண்டுவருவது. மற்றது சுவிட்சைப் போட்டால் விளக்குக்குக் கொண்டுபோவது. கரன்ட் திரும்பிப் போக வேண்டிய கறுப்பு வயரைக் காணோம். அது கூரை வழியாக நேரே சுவர் விளக்குக்குப் போயிருந்தது. அங்கே ஏற என் முழங்கால் சம்மதிக்கவில்லை. அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம், முதுகோடு முதுகாக, செக்கிங் மேஜைக்கான போர்டு இருப்பது நினைவுக்கு வந்தது. அதில் அழகான கறுப்பு வயர் உண்டு.

அது வேறு மீட்டரின் வயர் என்று எனக்குத் தெரியும். ஆனால் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் எல்லாக் கறுப்பு வயர்களும் ஒன்றாகத்தான் சேர்கின்றன. என் வீட்டுச் சுவருக்குள் கொஞ்சம் முன்னதாகச் சேர்ந்தால் என்ன கெட்டுவிடும் என்று வாதாடிக்கொண்டேன். சின்ன பேட்டரி டிரில்லால் விரல் நுழையாத ஓர் ஓட்டை போட்டேன். விளக்கின் ஒரு வயரை இந்தப் பக்கத்துச் சிவப்போடும், மற்றதை அந்தப் பக்கத்துக் கறுப்போடும் முறுக்கி டேப் சுற்றினேன். ஓட்டையின் முன்னால், புத்தகத் தட்டில், ஒரு தடித்த அகராதியை நிறுத்திவைத்தேன்.

சுவிட்சைப் போட்டேன். சுவர் விளக்கும் மேஜை விளக்கும் ஒன்றாக எரிந்தன. அன்று மாலை நான் என்ன படித்தேன் என்று நினைவில்லை. பத்து முறையாவது வெளியே போய்த் திரும்ப உள்ளே வந்தேன். வயரை ஓரமாகத் திருப்பிவிட்டேன், இனிப் பாயின்ட் வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்த வயர்மேனையும் நிறுத்தினேன்.

மூன்று நாள் அந்த ஆனந்தம் நீடித்தது. விளக்கில் இருந்தது மூன்று வாட் பல்பு. வெளிச்சம் போதவில்லை என்று நான்காம் நாள் ஒன்பது வாட் பல்பை மாட்டிச் சுவிட்சைத் தட்டினேன். கம்பெனியில் நான்கு மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. மறுநாள் தட்டினேன். வீடு முழுவதும் இருட்டாகி, கம்பெனி மட்டும் ஓடியது. புது வயரிங்கில் இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கொரு டிரிப்பர் உண்டு. எங்காவது கரன்ட் கசிந்தால் ஆளை அடிப்பதற்குள் லைனை வெட்டிவிடும் சுவிட்ச் அது. தினமும் சாயங்காலம் ஆறரைக்கு ஏதாவது ஒன்று விழுந்தது.

ஓவர்லாக் மெஷினில் உட்காரும் பெண் வாயாடி. "அக்கா, இன்னிக்கு எந்தப் பக்கமுங்க? நான் ஊட்டுப் பக்கம்னு சொல்றேன். தோத்தா நான் டீ வாங்கறேன்."

"கம்பெனிப் பக்கம்," என்பாள் என் மனைவி.

அவர்கள் பந்தயம் கட்டுவதைக் கேட்டுக்கொண்டே நான் உள்ளே விரலைச் சுவிட்சின் மேல் வைத்து நின்றுகொண்டிருப்பேன். ஒன்பது வாட் பல்பு ஒரு வீட்டையே சாய்க்குமா என்பது என் கேள்வி. மூன்று நாள் ஒழுங்காக எரிந்த இணைப்பில் தவறு இருக்க முடியாது; வயர்மேன் போட்ட டிரிப்பரில்தான் கோளாறு என்று முடிவு செய்துகொண்டேன். தினமும் அதைச் சோதிப்பதாகவும் நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் ஆனதும் என் மனைவி வயர்மேனை வரச்சொன்னாள். அதே நாளில் அவளுடைய அண்ணன், என் மச்சான், பொங்கலூரில் கட்டப்போகும் வீட்டின் பிளானைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் வீட்டு வயரிங் அவருக்குப் பிடித்திருந்தது. தன் வீட்டையும் இந்த வயர்மேனுக்கே கொடுப்பதாக இருந்தார். வயர்மேனுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. அதுவரை பழைய வீடுகளில் ரிப்பேரும் மாற்று வேலையும்தான் கிடைத்திருந்தன. அஸ்திவாரத்திலிருந்து ஒரு முழு வீடு என்பது இதுதான் முதல். "இத முடிச்சிட்டா நானும் ஒரு கான்ட்ராக்டர்னு சொல்லிக்கிடலாம் சார்," என்று வந்ததும் என்னிடம் சொன்னார்.

செக்கிங் மேஜைப் போர்டைத் திறக்கலாம் என்று கம்பெனி மெயினை இறக்கினார். டீ நேரம் என்பதால் மெஷின்களும் ஃபேனும் முன்பே நின்றிருந்தன; என்னைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஸ்டூலில் ஏறி டெஸ்டரை வைத்தார். அது எரியவில்லை. போர்டைத் திறந்தால் என் முறுக்கும் டேப்பும் தெரியும். குறைந்தபட்சம் விளக்கிலிருந்து பல்பையாவது கழற்றிவிடலாம் என்று நைசாக உள்ளே போனேன். அறை மங்கலாக இருந்தது. பழக்கத்தில் கை வாசல் சுவிட்சைத் தட்டியது.

அந்தப் பக்கம் தடால் என்று சத்தம். வீடு முழுவதும் இருட்டு.

இருட்டில் நின்ற அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. வீட்டுக் கரன்ட் என் விளக்கு வழியாகக் கம்பெனியின் கறுப்பு வயருக்குப் போயிருக்கிறது. போன வழியே திரும்பாததால் இரண்டு டிரிப்பருக்கும் அது கசிவுதான்; மூன்று வாட்டில் கண்டுகொள்ளாத அளவு, ஒன்பது வாட்டில் அதைத் தாண்டிவிட்டது. மெயினை இறக்கியதால் அதற்குத் திரும்பும் வழி இல்லை. அவர் கையை வழியாக்கிக்கொண்டது. கசிவைக் கண்டு வீட்டு டிரிப்பர் விழுந்ததால் ஆள் பிழைத்தார். நான் குறை சொன்ன அதே டிரிப்பர்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். செக்கிங் முடிந்து குவித்திருந்த குழந்தைக் கால்சட்டைகளின் நடுவே, இடுப்புவரை புதைந்து உட்கார்ந்திருந்தார். அடிபடவில்லை. தலையில் ஒரு மஞ்சள் கால்சட்டை. பெண்கள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார்கள். அவர் எழுந்து, யாரையும் பார்க்காமல், நேரே மெயின் பெட்டிக்குப் போய்த் தொட்டுப் பார்த்தார்.

"இறக்கித்தான் கெடக்கு சார். நான் எறக்கிட்டுத்தான் கை வச்சேன்."

மச்சான் என்னைப் பார்த்தார். "மெயின் ஆஃப்ல இருந்தா எப்படீங்க மாப்ள அடிக்கும்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். என் மனைவி அந்தப் பக்கம் நின்றாள். 'கை வெக்காம இருங்க' என்று அவள் சொன்னது காதில் இருந்தது. ஓவர்லாக் பெண் இனி மாதக்கணக்கில் என்னை வைத்துச் சிரிப்பாள் என்றும் தோன்றியது.

"இப்பப் போய்த்தான் இறக்கினார்," என்றேன். "முன்னாடி இறக்கல. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

வயர்மேன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஒருவேளை சார் சொல்வதுதான் சரியோ என்று யோசிப்பதுபோலப் பார்த்தார். மச்சான் பிளானை மறுபடி சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டார். "யோசிச்சுச் சொல்றனுங்க தம்பி," என்றார். அந்த வாரமே வேறு ஒருவருக்கு வேலையைக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் நான் என் இணைப்பைப் பிரித்து, ஓட்டையை வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்து, விளக்கைப் பரணில் போட்டேன். டிரிப்பர் அதன் பிறகு விழவில்லை. "அந்தத் தம்பி விழுந்தாலும் சரி பண்ணிட்டுத்தான் போயிருக்குது," என்றாள் என் மனைவி.

இதோடு நின்றிருந்தால்கூட ஒரு பொய்யோடு போயிருக்கும். பத்து நாள் கழித்து வயர்மேன் என்னைத் தேடி வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"சார், வேலைக்கு வரல. ஒரு வெளக்கம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நான் எறக்கினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. டெஸ்டரும் வச்சேன். அந்தக் கறுப்பு வயர்ல எப்படி வந்துச்சுன்னு புரியமாட்டேங்கு. இப்பல்லாம் ஒரு சுவிட்ச மாத்தணும்னாகூட மூணு தடவ மெயினப் பாத்துட்டு வாரேன். நீங்க படிச்சவிய. சொல்லுங்க."

என் வாழ்நாளில் யாரும் என் படிப்பை அவ்வளவு நம்பிக் கேட்டதில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? நிலைமின்சாரம் என்றேன். கால்சட்டைத் துணியில் பாலியஸ்டர் கலந்திருக்கிறது, அவ்வளவு பெரிய குவியல் உரசி உரசி மின்சாரம் ஏறி நிற்கும், பக்கத்தில் கை போனால் பாயும் என்று கால் மணிநேரம் விளக்கினேன். ஒரு தாளில் படம்கூடப் போட்டேன். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

விளைவு சில வாரத்தில் தெரிந்தது. சாயங்கால டீ நேரத்தில் ஓவர்லாக் பெண் சொன்னாள்: "அக்கா, நம்ம வயர்மேன் இருக்காருங்களே, எங்கக்கா வேலை பாக்கற கம்பெனிக்கு ஃபேன் மாட்ட வந்தாராம். ரூம்ல இருக்கற துணி பூராவும் வெளிய எடுத்து வெச்சாத்தான் போர்டத் தொடுவேன்னு நின்னுட்டாராம். மேனேஜர் கேட்டாராம், 'ஏனுங்க, இது பனியன் கம்பெனிங்க, துணி இல்லாம என்ன இருக்கும், நீங்க அரிசி மண்டிக்குப் போங்க'ன்னு. இப்ப ஒருத்தரும் கூப்புடறதில்லீங்களாமா."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "பாவம், அந்தத் தம்பிக்கு இதையெல்லாம் எவன் சொல்லிக் குடுத்தானோ."

திருப்பூரில் துணி இல்லாத அறைக்கு அந்த மனிதர் எங்கே போவார்? பெண்கள் மெஷினுக்குப் போனதும் சொன்னேன்: "அந்த எவன் நான்தான்."

முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். ஓட்டை, அகராதி, ஒன்பது வாட், நிலைமின்சாரம் எல்லாம். என் மனைவி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு சுவரில் அந்தச் சிமென்ட் பொட்டைத் தேடிப்போய்ப் பார்த்தாள். திரும்பி வரும்போது வாயைச் சேலையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டபின் குரல் மாறியது.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகுதுங்க? அது செத்துருந்தா? கெளம்புங்க. வெளக்க எடுத்துக்குங்க, காட்டிச் சொல்றதுக்கு ஆகும்."

அவள் ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் மேஜை விளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிக்னலில் நின்ற ஒரு வேன்காரர், "பெருசு, பகல்லயே வெளக்கு எதுக்கு?" என்று கேட்டார். "இவருக்கு வழி தெரியாதுங்க," என்றாள் என் மனைவி.

வயர்மேன் குடியிருந்தது வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றில். வாசலில் உட்கார்ந்து ஒரு மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சுற்றிவளைப்பேன் என்று எனக்குத் தெரியும். சொல்லி முடித்ததும் அவர் ஒரு பென்சிலைக் கொடுத்து வரையச் சொன்னார். இந்த முறை சரியான படம். அதை வெகுநேரம் பார்த்தார். இரண்டு மீட்டரையும் விரலால் தொட்டார். சிவப்பு, விளக்கு, கறுப்பு, கை.

"அப்ப நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன்," என்றார். மனைவியை உள்ளேயிருந்து கூப்பிட்டார். "ஏ, இங்க வா, நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன்." அவர் முகத்தில் அப்போது வந்த மலர்ச்சியை நான் எந்த விளக்கிலும் பார்த்ததில்லை.

கோபம் அதன் பிறகுதான் வந்தது. "செத்துருப்பேன் சார். அது போட்டும். துணியப் பாத்துப் பயப்பட வச்சிட்டியளே. என் பிள்ளைங்க யூனிஃபார்ம் கொடில காயுறதப் பாத்தாக்கூடத் தள்ளிப் போனேன்." பென்சிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னார்: "எங்கிட்டச் சொன்னது காணாது. நாலு பேர் முன்னாலதான அப்படிச் சொன்னிய. நாலு பேர் முன்னால இப்பச் சொல்லுங்க. வீடு கட்டுற அந்த அண்ணாச்சிகிட்டச் சொல்லுங்க."

அடுத்த வாரம் பொங்கலூரில் வாசக்கால் வைக்கும் விசேஷம். சொந்தபந்தம் எழுபது பேராவது இருப்பார்கள். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வாசக்காலை நிறுத்தி முடித்ததும் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இலையில் இட்லி விழுந்த பிறகு எழுந்து நின்றேன். "ஒரு விஷயம் சொல்லணுங்க," என்றேன். மொய் பற்றி என்று நினைத்துச் சிலர் நிமிரவில்லை. டிரில் மெஷின் வந்ததும் நிமிர்ந்தார்கள். நிலைமின்சாரம் வந்தபோது பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு நின்றுவிட்டார்.

முடித்ததும் மச்சான் கேட்டார்: "என்னுங்க மாப்ள, எம்மெஸ்ஸியில இத ஒரு பாடமா வெச்சிருந்தாங்களா?"

பந்தல் அதிர்ந்தது. அன்றைக்கு என்னைக் கிண்டல் செய்யாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். அவ்வளவு சிரிப்புக்கு நடுவே எனக்கு உடம்பு லேசானதுபோல இருந்தது.

மச்சான் அங்கேயே வயர்மேனுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். தப்பு எங்க பக்கமுங்க தம்பி என்றார். கீழ்வீட்டுக்குப் பைப் பதிக்க வேறு ஆள் அட்வான்ஸ் வாங்கிவிட்டார், கொடுத்த சொல்லை மாற்ற முடியாது, மேல்மாடியை நீங்கள் செய்யுங்கள் என்றார்.

"சந்தோஷம் அண்ணாச்சி," என்றது போன். "ஆனா வேண்டாம். ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேர் கை வச்சா என்னாகும்னு போன வாரந்தான சார் படம் போட்டுக் காட்டுனாவ."

பந்தலில் சிரிப்பு நின்றது. அந்த வீடு அவருக்கு இனி இல்லை. என் பேச்சால் போனது என் பேச்சால் திரும்பவில்லை. ஆனால் அவர் மறுத்த விதம் அங்கிருந்தவர்களைப் பிடித்துக்கொண்டது. கை கழுவும் இடத்தில் மச்சானின் சம்பந்தியம்மா என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்: "அந்தத் தம்பி நம்பர் இருக்குதுங்களா? எங்கூட்டுக்காரரும் மீன்தொட்டிக்குன்னு என்னமோ வயர் இழுத்து வெச்சிருக்கறாருங்க. எனக்கு இப்பப் பயமா இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை வயர்மேன் எங்கள் வீட்டுக்கு வந்தார். சுவர் விளக்கின் பின்னாலிருந்தே சிவப்பும் கறுப்பும் பச்சையும் இறக்கி, மேஜைக்கு மேலே மூன்று துளைப் பாயின்ட் ஒன்று வைத்தார். ஒரே மீட்டரின் வயர்கள், ஒரே வழியாகப் போய்த் திரும்புகிறவை. வாசல் சுவிட்சைத் தட்டியதும் இரண்டு விளக்கும் எரிந்தன. நாற்பது நிமிட வேலை. ஒன்பது வாட் பல்பு அசையாமல் எரிந்தது.

கிளம்பும்போது ஒரு நிபந்தனை போட்டார். அந்த ஷாக் கதை ஊரில் பரவிவிட்டது. புது இடத்தில் யாராவது அதைக் கேட்டால் எனக்குப் போன் போட்டுக் கொடுப்பார். நடந்ததை நான் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டேன். இதுவரை பதினொரு வீட்டுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். சாப்பிடும்போது, பேருந்தில், ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில் வாய் மரத்த நிலையில். சிலர் சிரிப்பார்கள். ஒருவர் என்னை நன்றாகத் திட்டினார். கேட்டுக்கொண்டேன்.

பதினோராவது அழைப்பு போன வாரம் வந்தது. பேசியவர் ஒரு பெண்மணி. கதையை முழுவதும் கேட்டார். "சரிங்க. எங்களுது புது வீடுங்க, கீழயும் மேலயும். பூராத்தையும் இவருகிட்டயே உட்டரலாங்களா?"

"தாராளமாக விடலாங்க," என்றேன்.

போன் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு வயர்மேனின் குரல், வாயைக் கையால் மறைத்துப் பேசுவதுபோல. "சார், ரொம்ப சந்தோஷம். பால் காய்ச்சறதுக்குக் கண்டிப்பா வரணும். அதுக்கு முன்னால மட்டும் அந்தப் பக்கம் வந்துராதிய."